வாய் திறக்காமல் கணினியிடம் பேசும் கருவி: இப்போது வாங்கலாமா?

கேள்வி: பலர் நெருங்கி அமரும் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். கணினிக்குச் சொல்லி எழுதவைப்பது எனக்கு வசதி, பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொந்தரவு. தாடையில் மாட்டிக்கொண்டு ஓசையில்லாமல் பேசினால் எழுத்தாக்கித் தரும் கருவி ஒன்றுக்கு முன்பதிவு நடக்கிறது. "92 சதவீதத் துல்லியம்" என்கிறார்கள். பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். கருவி பொய் என்பதால் சொல்லவில்லை. அந்த எண் உங்கள் வேலைக்குப் பொருந்தாது என்பதால் சொல்கிறேன்.

நாம் பேசும்போது தாடை, உதடு, நாக்கு, தொண்டைத் தசைகளுக்கு நரம்பு வழியே கட்டளை போகிறது. தசை இயங்கும்போது எழும் நுண்ணிய மின்னோட்டத்தைத் தோலின்மேல் ஒட்டிய மின்முனைகளால் பிடிக்க முடியும். சத்தம் வராமல் வாயசைத்தாலும் அந்த மின்னோட்டம் எழுகிறது. எந்த அலைவடிவம் எந்தச் சொல்லுக்கு உரியது என்று மென்பொருள் கற்றுக்கொள்கிறது. அவ்வளவுதான் நுட்பம்.

2004இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையம் மோவாய்க்கு அடியிலும் குரல்வளையின் இருபுறமும் உணரிகளை ஒட்டி, 6 சொற்களையும் 10 இலக்கங்களையும் ஏறக்குறைய 92 சதவீதம் சரியாக அடையாளம் கண்டது. 2018இல் எம்.ஐ.டி. மீடியா லேபின் ஆல்டர்ஈகோ என்ற, தாடையில் மாட்டும் கருவியை 10 பேரிடம் சோதித்தார்கள். அதிலும் கிடைத்தது 92 சதவீதம்தான். கருவியை அவரவருக்குப் பழக்க 15 நிமிடம் ஆனது; ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் இருந்த சொற்கள் ஏறத்தாழ 20. எண்களைக் கூட்டவும் சதுரங்கக் காய் நகர்த்தவும் அது போதும், மின்னஞ்சல் எழுதப் போதாது.

சொல் எண்ணிக்கை கூடினால் என்ன ஆகும்? 2020இல் பெர்க்லியில் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே ஒருவரிடம் ஏறக்குறைய 20 மணி நேரப் பதிவு எடுத்தார்கள். தேதி, நேரம் போன்ற குறுகிய சொல்வட்டத்தில் பிழை 4 சதவீதமாக இறங்கியது. எந்தச் சொல்லும் வரலாம் என்று திறந்துவிட்டபோது 68 சதவீதம் பிழை. அதற்குப் பிறகு துறை முன்னேறியிருக்கிறது, நல்ல வேகத்தில்தான். ஆனாலும் விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, "92 சதவீதம் சரி, எத்தனை சொற்களில்? யாருடைய வாயில்? எத்தனை மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு?" இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராத வரை உங்கள் பணம் உங்களிடமே இருக்கட்டும். இப்போதைக்கு, வாய்க்கு மிக அருகில் வைக்கும் ஒலிவாங்கியில் முணுமுணுத்தாலே உங்கள் தேவையில் பெரும்பகுதி தீரும்.

கேள்வி: இவை நான் மனத்தில் நினைப்பதையும் படித்துவிடுமா?

பதில்: படிக்காது. தசைக்குக் கட்டளை போனால்தான் மின்முனைக்கு ஏதாவது கிடைக்கும். "மனத்தை வாசிக்கும்" என்று விளம்பரம் செய்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஆனால் அளந்த அலைகள் எங்கே போகின்றன என்பது நியாயமான கவலை. அமெரிக்காவில் கொலராடோவும் கலிபோர்னியாவும் 2024இல் சட்டம் திருத்தி, மூளையிலிருந்தும் உடல் நரம்புகளிலிருந்தும் அளக்கப்படும் தரவை உணர்திறன் மிக்க தனிப்பட்ட தரவாக அறிவித்தன. நிறுவனத்தின் தனியுரிமைக் குறிப்பில் "மூல அலைகள் உங்கள் கருவியிலேயே இருக்கும்" என்ற உறுதியும், அழிக்கும் வழியும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: தமிழில் பேசினால் புரிந்துகொள்ளுமா?

பதில்: மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாமே ஆங்கிலத்தில் நடந்தவை. தமிழுக்குத் தனிச் சிக்கலும் உண்டு. "வால்", "வாள்" இரண்டையும் ஓசையின்றிச் சொல்லிப் பாருங்கள். உதடும் கன்னமும் ஒரே மாதிரி அசைகின்றன. வேறுபாடு முழுவதும் நாக்கின் நுனியில். கன்னத்தில் ஒட்டிய உணரிக்கு அது தெரியாது. மோவாய்க்கு அடியில் ஒட்டியதற்குக் கொஞ்சம் தெரியலாம். "பாலை", "மாலை" இன்னும் கடினம்: உதடு ஒன்றாகவே மூடுகிறது, மூக்குவழி திறப்பதுதான் வித்தியாசம். "பல மொழிகளில் இயங்கும்" என்ற வரியை நம்பி வாங்காதீர்கள். தமிழில் செய்து காட்டச் சொல்லுங்கள், உங்கள் வாயால்.

கேள்வி: வாங்கிவிட்டேன். திருப்பித் தர இரண்டு வாரம் இருக்கிறது. எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: முதல் நாள் நன்றாக வேலை செய்வதைக் கண்டு மகிழ்ந்துவிடாதீர்கள். இவ்வகைக் கருவிகளின் பலவீனம் மறுநாள்தான் தெரியும். கழற்றி மாட்டும்போது மின்முனை சற்று இடம் பெயர்ந்தாலே அலைவடிவம் மாறும். வியர்வை, தாடி, உலர்ந்த தோல் எல்லாமே பாதிக்கும். ஒரே 30 வாக்கியங்களை எழுதிவைத்து, 5 வெவ்வேறு நாட்களில் புதிதாக மாட்டிக்கொண்டு சொல்லுங்கள், பிழைகளை எண்ணுங்கள். ஒவ்வொரு நாளும் புதிதாகப் பழக்கச் சொன்னால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நிறுவனம் மூடினாலும் கருவி இயங்குமா என்றும் கேளுங்கள். முன்கைத் தசையை அளந்து கணினியை இயக்கிய மையோ பட்டை நினைவிருக்கலாம். 2018இல் அதன் விற்பனையை நிறுத்திவிட்டார்கள்.

கேள்வி: புற்றுநோயால் அப்பாவின் குரல்வளையை அடுத்த மாதம் அகற்றப்போகிறார்கள். இந்தக் கருவி அவருக்கு உதவுமா? எவ்வளவு செலவானாலும் வாங்கத் தயார்.

பதில்: இந்தத் தொழில்நுட்பம் யாருக்காக வளர வேண்டும் என்று கேட்டால் உங்கள் அப்பாவைத்தான் காட்டுவேன். குரல்வளை போனாலும் சொல்லை உருவாக்கும் தசைகளில் பெரும்பாலானவை மிஞ்சுகின்றன. 2017இல் வெளியான ஆய்வு ஒன்றில், குரல்வளை அகற்றப்பட்ட 8 பேரின் முகத்திலும் கழுத்திலும் 8 உணரிகள் வைத்து, 2,500 சொற்கள் கொண்ட வட்டத்தில் பேசவைத்தார்கள். சராசரிப் பிழை 10.3 சதவீதம். நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் அது ஆய்வகத்தில் ஆங்கில வாக்கியங்களைப் படித்தபோது கிடைத்தது. கதிர்வீச்சால் கழுத்துத் தோல் இறுகியிருந்தால் அலை பிடிபடுவதும் கடினமாகலாம்.

அதனால் "எவ்வளவு செலவானாலும்" என்ற சொல்லை விற்பவர் காதில் விழவைக்காதீர்கள். முதலில் பேச்சுச் சிகிச்சையாளரை, அறுவைக்கு முன்பே, அப்பாவுடன் சென்று பாருங்கள். கழுத்தில் வைத்து அதிரவைக்கும் மின்குரல் கருவி, உணவுக்குழாய்க்குள் காற்றை இழுத்து வெளிவிட்டுப் பேசும் உணவுக்குழாய்ப் பேச்சு, மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழாய்க்கும் இடையே பொருத்தும் குரல் வால்வு ஆகிய மூன்றும் பல்லாண்டுகளாகப் பயன்பாட்டில் இருப்பவை. எது அப்பாவுக்கு ஏற்றது என்று சொல்லக்கூடியவர் அந்தச் சிகிச்சையாளர்தான்.

செலவில்லாத வேலை ஒன்று இந்த மாதத்துக்குள் முடிய வேண்டும். அமைதியான அறையில், கைபேசியிலேயே, அப்பாவின் குரலைப் பதிவு செய்யுங்கள். தினம் அரை மணி நேரம், அவர் களைக்காத அளவுக்கு. செய்தித்தாளைப் படிக்கட்டும், கதை சொல்லட்டும், வீட்டார் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கட்டும். தசை அலையிலிருந்தோ தட்டச்சிலிருந்தோ செயற்கைக் குரல் உருவாக்கும் கருவி பிறகு எது வந்தாலும், அது அவர் குரலில் பேச இந்தப் பதிவு வேண்டும். இரண்டு இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள்.