சுரங்கத்துக்குப் படுதா எதற்கு?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியை நான். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஆண்டு விழாவில் மனோன்மணீயம் போட ஆசை. அரண்மனைப் படுதா, ராஜா உடை, லைட், ரெக்கார்டிங் எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய் என்கிறார் விழா ஏற்பாட்டுக்காரர். 2,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டேன். சீன் இல்லாமல் போட்டால் பிள்ளைகள் உட்கார்ந்து பார்ப்பார்களா? செய்யுள் நடை வேறு பயமுறுத்துகிறது.

பதில்: பார்ப்பார்கள் டீச்சர். படுதாவில் வரைந்த அரண்மனையை ஒரு பிள்ளை எவ்வளவு நேரம் பார்க்கும்? ஒரு நிமிடம். அப்புறம் அது வெறும் சுவர்தான்.

முழு நாடகத்தையும் தொடாதீர்கள். ஐந்து அங்கம், இருபது களம். 1891இல் வந்தது, பெ. சுந்தரம் பிள்ளை படிப்பதற்கென்றே எழுதிய நாடகம். கடைசி அங்கம் போதும். போரில் தோற்று நொந்துபோன பாண்டிய மன்னன் ஜீவகன், மகள் மனோன்மணியை நள்ளிரவிலேயே பலதேவனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறான். பலதேவனின் அப்பா, அமைச்சர் குடிலன், அதே இரவில் கோட்டைச் சுரங்கத்தைக் காட்டிக்கொடுக்க எதிரி சேரனிடம் போகிறான். சேரன் புருடோத்தமனோ, அவனுக்கே விலங்கு மாட்டி வழிகாட்டச் சொல்லி இழுத்துவருகிறான். மணமாலையோடு நிற்கும் மனோன்மணி, கனவில் கண்ட புருடோத்தமனை நேரில் பார்த்ததும் மாலையை அவன் கழுத்தில் போட்டுவிடுகிறாள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்? 'நீராருங் கடலுடுத்த' இந்த நாடகத்தின் வாழ்த்துப் பாடல். அதைத் தினமும் காலையில் பாடுகிற பிள்ளைகளிடம், உள்ளே ஒரு சுரங்கம் இருப்பதை யாரும் சொல்வதில்லை. ஆசிரியர் பெயரை எழுதினால் ஒரு மதிப்பெண், அத்தோடு முடிந்தது நம் இலக்கியக் கல்வி.

சுரங்கத்தைப் பிள்ளைகளை வைத்தே கட்டுங்கள். பன்னிரண்டு பேர், எதிரெதிராக இரண்டு வரிசை, கைகளை மேலே கோத்து வளைவாக நிற்கட்டும். குடிலனும் சேரனும் குனிந்து நுழைவார்கள். அவர்கள் கடந்த ஜோடி உடனே ஓடிப்போய் வரிசையின் முன்பக்கம் மறுபடி வளைவாக நிற்க வேண்டும். ஆறு ஜோடியிலேயே மைதானத்தின் கடைசிவரை சுரங்கம் நீளும். இருட்டுக்கு லைட் தேடாதீர்கள். பகலில், மரத்தடியில் போடுங்கள். நடப்பவர்கள் கண்ணைத் திறந்தபடியே சுவரைத் தடவித் தடவி, காலால் தரையைத் துழாவி வந்தால் இருட்டு வந்துவிடும். சீனாவின் பீக்கிங் ஓபராவில் நல்ல வெளிச்சத்தில் இருவர் இருட்டறைச் சண்டை போடுவார்கள், இதே வித்தைதான். காளிதாசனின் சாகுந்தலத்தில் துஷ்யந்தன் தேரில் மானைத் துரத்துகிறானே, அங்கேயும் தேர் கிடையாது. தேரின் வேகத்தை நடித்துக் காட்டுவதாகத்தான் நாடகக் குறிப்பே இருக்கிறது.

செய்யுளுக்குப் பயப்படாதீர்கள். நம் தெருக்கூத்தில் இருவர் ஒரு துணியைப் பிடித்து நிற்பார்கள், ராஜா அதன் பின்னாலிருந்து வருவார், கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் பேச்சுத் தமிழில் 'நீங்க யாரு' என்று கேட்பான். அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கதையைக் கட்டியங்காரன் சொல்லட்டும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் சுந்தரம் பிள்ளையின் வரிகள் ஐந்தாறு போதும். அவற்றை மட்டும் மாற்றாமல், அர்த்தம் புரிந்து, சத்தமாகச் சொல்லப் பழக்குங்கள். 'எளிய தமிழ் ஸ்கிரிப்ட்' என்று விற்க வருகிறவரிடம் காசைக் கொடுக்காதீர்கள். மூல நூல் மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடக்கிறது.

பொருள் எதுவும் வேண்டாம் என்கிறேன், ஒன்றைத் தவிர. குடிலனின் விலங்கு நிஜமான இரும்பாக இருக்க வேண்டும். அட்டையில் செய்து வெள்ளிப் பேப்பர் ஒட்டினால் முன்வரிசை சிரித்துவிடும். பிளாஸ்டிக்கில் சத்தம் வராது. யார் வீட்டிலாவது மாட்டுச் சங்கிலி இருக்கும், வாங்கிக்கொள்ளுங்கள். துருவைத் தேய்த்துவிடுங்கள். பூட்டு போடக் கூடாது, காலில் கட்டவும் கூடாது. மணிக்கட்டில் இரண்டு சுற்று, நுனியைப் பிள்ளையே கையில் பிடித்துக்கொள்ளட்டும். ஆள் தெரிவதற்கு முன்பே சுரங்கத்துக்குள்ளிருந்து அந்தச் சத்தம் மட்டும் வர வேண்டும். அதற்காக ஒத்திகையின் முதல் நாளிலிருந்தே சங்கிலியோடு நடக்கவிடுங்கள், விழாவன்று புதிதாகக் கொடுத்தால் கை பார்த்துக்கொண்டே நடப்பான்.

இப்போது உங்கள் ஏற்பாட்டுக்காரர். அந்தத் தொகையில் மோசமானது உடை இல்லை, ரெக்கார்டிங். வசனத்தை யாரோ பெரியவர்கள் பேசிப் பதிவு செய்திருப்பார்கள், பிள்ளைகள் வாயை அசைப்பார்கள். தன் குரலில் ஒரு வரிகூடச் சொல்லாத பிள்ளைக்கு அது என்ன நாடகம்? அடுத்த ஊர்ப் பள்ளியிலும் அதே டிராக்தான் ஓடும். இவர்கள் எப்படி உள்ளே வருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். யாரோ சிபாரிசு செய்வார், யாருக்கோ ஒரு பங்கு போகும். வாடகை உடையில் சரிகை பிரிந்தது, கிரீடக் கல் விழுந்தது என்று விழா முடிந்ததும் தனி பில் வரும். அது முன்பே பிரிந்திருந்தது என்று உங்களால் நிரூபிக்க முடியாது.

ஆண்டு விழா மேடையையே விட்டுவிடலாம் என்பேன். பொன்னாடை போர்த்தவே ஒரு மணி நேரம் ஆகிற இடத்தில் நாடகத்துக்குப் பத்து நிமிடம் ஒதுக்குவார்கள், அதிலும் மைக்கைச் சரிசெய்ய மூன்று நிமிடம் போய்விடும். ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில், ஆறாம் வகுப்பை மூன்று பக்கமும் தரையில் உட்காரவைத்துப் போடுங்கள். தலைமையாசிரியர் அனுமதி போதும்.

கொடுத்த முன்பணம் திரும்ப வராது, அதற்காக அலையாதீர்கள். படுதா கட்டக் கொண்டுவரும் துணியில் நான்கு மீட்டர் அந்தக் கணக்கில் கொடுங்கள் என்று கேளுங்கள். கட்டியங்காரன் பக்கத்தில் பிடிக்க அது ஆகும்.