நன்றாக இருக்கும் வீதிக்கு ஏன் முதலில் காசு? வன்னி வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எங்கள் ஊர்ப் பாதை குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. ஆனால் பார்வைக்கு நன்றாக இருக்கும் பிரதான வீதிக்குத்தான் மறுபடி தார் போடுகிறார்கள். இது என்ன நியாயம்? (ஒட்டுசுட்டான்)

உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் அந்தத் தார் வீணில்லை. தார் வீதி வருடத்துக்கு வருடம் ஒரே அளவில் பழுதாவதில்லை. பல வருடம் அசையாமல் இருப்பதுபோலத் தெரியும். மேற்பரப்பு வெடித்து, மாரி மழை உள்ளே இறங்கி, அடித்தளம் இளகிவிட்டால் அதன்பிறகு வேகமாகச் சிதைந்துவிடும். வெடிப்புத் தெரியும்போதே மேலே ஒரு படை போட்டால் போதும். அடித்தளம் போனபிறகு தோண்டித்தான் கட்டவேண்டும். செலவு பல மடங்கு. உலக வங்கியின் 1994 அறிக்கை ஆபிரிக்காவைப் பற்றி ஒரு கணக்குச் சொன்னது: பராமரிப்புக்கு 12 பில்லியன் டொலரை உரிய நேரத்தில் செலவழித்திருந்தால், பத்து வருடத்தில் 45 பில்லியன் டொலர் மீள்கட்டுமானச் செலவைத் தவிர்த்திருக்கலாம்.

வன்னிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஏ9, ஏ32, ஏ34, ஏ35 ஆகிய பிரதான வீதிகள் எல்லாம் 2009க்குப் பின்வந்த சில வருடங்களுக்குள் அடுத்தடுத்துப் புதுப்பிக்கப்பட்டவை. சேர்ந்து பிறந்த பிள்ளைகள் மாதிரி அவற்றுக்குச் சேர்ந்தே வயதும் ஏறுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே வருடத்தில் காசு கேட்டால் திறைசேரி எங்கே போகும்? எந்தத் துண்டுக்கு எந்த வருடம் என்று இப்போதே பிரித்து எழுதிவைப்பதுதான் நீண்டகாலத் திட்டம். அமெரிக்காவில் 2012இல் வந்த சட்டம், தேசிய நெடுஞ்சாலைகளுக்கு இப்படியொரு திட்டம் எழுதுவதை ஒவ்வொரு மாநிலத்துக்கும் கட்டாயமாக்கியது. பிறகு வந்த விதியின்படி அது குறைந்தது 10 வருடத்துக்கானதாக இருக்கவேண்டும்.

ஆனால் உங்கள் பாதையை மறந்த திட்டத்தை நான் நல்ல திட்டம் என்று சொல்லமாட்டேன். வாகன எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தால், மீள்குடியேறிய உட்கிராமங்கள் எப்போதும் வரிசையின் கடைசியில்தான் நிற்கும். மாரியிலும் அம்புலன்ஸ் வந்துபோகக்கூடிய பாதை ஒவ்வொரு கிராமத்துக்கும் வேண்டும். அதற்கான காசை முதலில் ஒதுக்கிவிட்டு, மீதிக்குத்தான் கணக்குப் பார்க்கவேண்டும். கிறவல் பாதை மழையையும் போக்குவரத்தையும் பொறுத்து வருடத்துக்கு 1 முதல் 3 சென்ரிமீற்றர் வரை தேய்ந்துபோகும். ஆகவே தேர்தலுக்கு ஒருமுறை கொட்டும் கிறவல் எந்தக் கிராமத்துக்கும் போதாது.

கேள்வி: மணல் டிப்பர்கள்தான் வீதியை உடைக்கின்றனவா? எங்கள் கார், மோட்டார் சைக்கிளுக்கும் பங்கு உண்டா? (முள்ளியவளை)

உங்கள் வாகனங்களின் பங்கு கணக்கில் எடுக்கவே தேவையில்லாத அளவு சிறியது. அமெரிக்காவின் இலினோயில் 1958 முதல் 1960 வரை நடந்த பெரிய வீதிச் சோதனையிலிருந்து வந்த விதி ஒன்றைப் பொறியியலாளர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அச்சுச் சுமை, அதாவது இரு பக்கச் சில்லையும் இணைக்கும் ஓர் அச்சில் ஏறும் பாரம், இரண்டு மடங்கானால் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு. அனுமதித்ததைவிட 20 வீதம் கூட ஏற்றினாலே சேதம் இரண்டு மடங்காகிவிடும். நல்ல தாரை விடவும் பாரவாகனங்களை நிறுக்கும், ஒழுங்காக வேலைசெய்யும் எடைத்தட்டு ஒன்று வீதிக்கு ஆயுளைக் கூட்டும்.

கேள்வி: அறுவடைக் காலத்தில் வீதியில் நெல் காயவிடுவதால் வீதி பழுதாகுமா? (துணுக்காய்)

நெல்லால் வீதிக்கு எதுவும் ஆகாது. ஓரத்தில் அடையாளத்துக்கு வைக்கும் கல்லும் கட்டையும் இரவில் ஆளைக் கொல்லும், அதுதான் என் கவலை. சேற்றுழவுக்குப் போடும் இரும்புச் சில்லோடு உழவு இயந்திரத்தைத் தாரில் ஓட்டுவது வேறு கதை. அது மேற்படையை வெட்டிவிடும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

கேள்வி: வீதியை உயர்த்திக் கட்டினார்கள். இப்போது வீதி தப்புகிறது, எங்கள் வயல் மூழ்குகிறது. (கிளிநொச்சி)

இது நான் அதிகம் பயப்படும் விடயம். வன்னியில் ஒரு குளம் நிரம்பி வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகவேண்டும். நடுவில் வரும் வீதியை, அதன் கீழால் தண்ணீர் போகும் மதகைப் பெருப்பிக்காமல் உயர்த்தினால், அது வீதியாக இல்லை, அணைக்கட்டாகிவிடுகிறது. வயலும் மூழ்கும், தேங்கிய தண்ணீர் வீதியின் அடித்தளத்தையும் ஊறவைக்கும். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வீதிகளின் விபரத்தை எழுதிவைக்கும் சொத்துப் பதிவேட்டில் வீதியின் நீளத்தோடு ஒவ்வொரு மதகின் இடம், அளவு, அடைப்பு எல்லாம் இருக்கவேண்டும். சில இடங்களில் வீதியை உயர்த்தாமல், வான்தண்ணீர் மேலால் பாய்ந்துபோகும்படி தாழ்வாகக் கொங்கிறீற் போடுவதே சரி. மதகு துப்புரவாக்கும் வேலை ஓகஸ்ட், செப்டெம்பரில் முடியவேண்டும்; ஒக்டோபரில் தொடங்கினால் மழை முந்திவிடும்.

கேள்வி: சங்குப்பிட்டிப் பாலம் புதியதுதானே, அதற்கும் பராமரிப்பா? (பூநகரி)

2011இல் திறந்த பாலம். கீழே உப்புத்தண்ணீர், மேலே உப்புக்காற்று. துரு உள்ளே தொடங்கி வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். ஒழுங்கான இடைவெளியில் சோதனையும் பூச்சும் கட்டாயம்.

கேள்வி: எங்கள் வீதி யாருடையது என்றே தெரியவில்லை. யாரிடம் போவது? (நெடுங்கேணி)

ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம். சி, டி வகுப்பு மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்திடம். மற்ற உள்ளூர் வீதிகள் பெரும்பாலும் பிரதேச சபையிடம். குளக்கட்டுப் பாதை என்றால் நீர்ப்பாசனத் திணைக்களத்தையும் கமநல சேவை நிலையத்தையும் கேளுங்கள். போகும்போது மதகு இருக்கும் இடம், தண்ணீர் ஏறிய உயரம், திகதி, படம் எல்லாம் கொண்ட ஒரு கடிதத்தைக் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் வாங்குங்கள். புது வீதி திறக்க யாராவது வந்தால் ஒன்றை மட்டும் கேளுங்கள்: இதன் பராமரிப்புக்கு அடுத்த வருட வரவுசெலவுத் திட்டத்தில் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்?