பேசினாரா, கேட்டாரா?

கேள்வி: எங்கள் ஊர் ரயில்வே கேட் பிரச்னையை எம்.பி. மக்களவையில் ஆவேசமாகப் பேசிய வீடியோ ஊர் முழுக்கச் சுற்றியது. ஒரு வருடம் ஆகிவிட்டது. அமைச்சரிடமிருந்து ஒரு வரி பதில் இல்லையே, ஏன்?

பதில்: அவர் எந்த நேரத்தில் பேசினார் என்று பாருங்கள். பகல் 12 மணிக்கு மேல் என்றால் அது அநேகமாகப் பூஜ்ய நேரம், அதாவது கேள்வி நேரம் முடிந்ததும் உறுப்பினர்கள் அவசரப் பிரச்னைகளை எழுப்பும் நேரம். மக்களவை விதிப்புத்தகத்தில் அந்தப் பெயரே கிடையாது. பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயமும் அமைச்சருக்கு இல்லை. முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஒரு பிரச்னையை எழுப்ப வழிசெய்யும் விதி 377-ன் கீழ் எழுப்பியிருந்தால் கொஞ்சம் தேவலை, துறையிலிருந்து உறுப்பினருக்குக் கடிதம் வரும். குறித்த நாளில் அமைச்சர் பெயரில், அவை ஆவணமாகப் பதில் வேண்டுமானால் அதைக் கேள்வியாகத்தான் கொடுக்க வேண்டும். வீடியோவில் நன்றாக இருப்பது பேச்சு. கோப்பை நகர்த்துவது கேள்வி.

கேள்வி: நட்சத்திரக் குறியிட்ட கேள்விதான் பெரியது என்கிறார்கள். அதையே கேட்கச் சொல்லலாமா?

பதில்: நட்சத்திரம் போட்டால் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்வார், துணைக் கேள்வியும் கேட்கலாம். ஆனால் மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்குத்தான் அந்த இடம். குலுக்கலில் முன்னால் வர வேண்டும். 11 முதல் 12 மணிக்குள் ஐந்தாறு கேள்வி எடுத்தாலே பெரிது. அமளியில் அவை ஒத்திவைக்கப்பட்டால் அதுவும் போச்சு. மிச்சத்துக்கு எழுத்தில்தான் பதில். நட்சத்திரம் இல்லாத கேள்விகளுக்கோ நாளொன்றுக்கு 230 இடம். ஒரு ஊர், ஒரு பாலம் என்றால் எழுத்துப் பதிலே போதும் என்பேன். தேதியும் தொகையும் அதில்தான் துல்லியமாக வரும். அமைச்சரை மடக்க வேண்டிய விவகாரத்துக்குத்தான் துணைக் கேள்வி தேவை. எல்.ஐ.சி. பணம் தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ராவின் நிறுவனங்களில் போடப்பட்ட விவகாரம் 1957-ல் மக்களவைக் கேள்விகளில்தான் கிளம்பியது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

கேள்வி: எம்.பி. அலுவலகத்தில் “கேள்வியை எழுதிக் கொடுங்கள், போடுகிறோம்” என்கிறார்கள். எப்படி எழுதுவது?

பதில்: பெரும்பாலும் மனு பாணியில் எழுதித் தருகிறார்கள்: “பத்து வருடமாக மக்கள் படும் துயரம் அரசுக்குத் தெரியுமா? ஏன் இந்த மாற்றாந்தாய் மனப்பான்மை?” இது செல்லாது. விதி 41-ன்படி கேள்வியில் வாதம், ஏளனம், குற்றச்சாட்டு, அடைமொழி எதுவும் கூடாது. அமைச்சரின் அபிப்பிராயம் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளதைத் தொடக் கூடாது. மொத்தம் 150 சொற்களுக்குள் அடங்க வேண்டும்.

அனுமதி கிடைத்தும் வீணாகும் கேள்விதான் எனக்கு அதிக எரிச்சல் தருவது. “(அ) மேம்பாலம் கட்டும் திட்டம் உள்ளதா? (ஆ) ஆம் எனில் விவரம் என்ன? (இ) எப்போது முடியும்?” என்று கேட்டால், “(அ) இல்லை. (ஆ), (இ): கேள்வி எழவில்லை” என்று ஒரே வரியில் கதை முடிந்துவிடும். ஒவ்வொரு பிரிவும் தனித்து நிற்கிற மாதிரி எழுத வேண்டும். ரயில்வே கேட் விஷயத்தில் இப்படி:

(அ) இந்த எண் கொண்ட லெவல் கிராசிங்கில் கடைசியாக வாகனக் கணக்கெடுப்பு நடந்த தேதி, அதில் வந்த டி.வி.யு. எண், (ஆ) மேம்பாலப் பணிக்கு அனுமதி தரப்பட்டிருந்தால் அந்த ஆண்டு, மதிப்பீடு, இதுவரை ஆன செலவு, (இ) பாலத்தின் வரைபடம் மாநில அரசின் ஒப்புதலுக்கு அனுப்பப்பட்ட தேதி, ஒப்புதல் வந்த தேதி, (ஈ) அணுகு சாலைக்குத் தேவைப்படும் நிலம் எவ்வளவு, அதில் கையகப்படுத்தியது எவ்வளவு.

டி.வி.யு. என்பது ஒரு நாளில் அந்தக் கேட்டைக் கடக்கும் ரயில்களை வாகனங்களால் பெருக்கி வரும் எண். 20 ரயில், 6,000 கார், லாரி, பஸ் என்றால் 1,20,000. இருசக்கர வாகனம் கால் பங்காகத்தான் எண்ணப்படும். ஊரார் தாங்களாக எண்ணும்போது பைக்கையும் முழுதாகச் சேர்த்துவிட்டு, “ரயில்வே குறைத்துக் காட்டுகிறது” என்று சண்டைக்குப் போவது இதனால்தான். (ஈ) பிரிவை விட்டுவிடாதீர்கள். நிலம் எடுப்பது மாநிலத்தின் வேலை. யார் பக்கம் தேங்கி நிற்கிறது என்பதை அந்த ஒரு எண் காட்டிக் கொடுத்துவிடும்.

நாள் கணக்கிலும் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பதில் நாளுக்கு 15 முழு நாட்கள் முன்பே நோட்டீஸ் போக வேண்டும். கொடுத்த நாளும் பதில் நாளும் சேராது. ஒவ்வொரு அமைச்சகத்துக்கும் வாரத்தில் இன்ன நாள் என்று உண்டு. கூட்டத்தொடர் தேதி அறிவித்ததுமே உங்கள் தாள் எம்.பி. கையில் இருப்பது நல்லது. அதற்கு முன் மக்களவை இணையதளத்தில் ஊர்ப் பெயரைத் தேடிப் பாருங்கள். ஏற்கெனவே பதில் வந்த கேள்வியையே மறுபடி கேட்டால் தள்ளிவிடுவார்கள்.

கேள்வி: டவுன் பஸ் வராததை எம்.பி. கேட்கலாமா?

பதில்: முடியாது. மாநில அரசின் பொறுப்பில் உள்ளதை மக்களவையில் கேட்டால் அனுமதிக்க மாட்டார்கள், எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் கேட்க வேண்டியது. மத்திய நிதி வரும் திட்டமென்றால், எவ்வளவு விடுவிக்கப்பட்டது, எவ்வளவு செலவானது என்று எம்.பி.யும் கேட்கலாம். இன்னொன்று: உங்கள் எம்.பி. மத்திய அமைச்சராக இருந்தால் அவர் கேள்வி போட முடியாது. பக்கத்துத் தொகுதி உறுப்பினரிடம் போங்கள்.

கேள்வி: “தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்” என்று பதில் வந்திருக்கிறது. தட்டிக் கழிக்கிறார்களா?

பதில்: அப்படித்தான் தோன்றும், ஆனால் “எழவில்லை”யைவிட இது உங்களுக்குச் சாதகம். அவையில் சொன்ன இந்த வாசகம் உறுதிமொழியாகக் கணக்கில் வரும். “பரிசீலனையில் உள்ளது” என்பதும் அப்படியே. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும்; முடியாவிட்டால் அமைச்சகம் கால நீட்டிப்பு கேட்க வேண்டும். இதைப் பின்தொடர்வதற்கென்றே மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. கேள்வி எண்ணையும் பதில் தேதியையும் குறித்து வைத்துக்கொண்டு, மூன்று மாதம் கழிந்ததும் அந்தக் குழுவின் தலைவருக்கு எழுதும்படி எம்.பி.யிடம் கேளுங்கள். எண்ணும் தேதியும் இல்லாமல் “அன்றைக்குச் சொன்னாரே” என்று போனால் அலுவலகத்தில் யாராலும் தேடி எடுக்க முடியாது.