பல் டாக்டரிடம் போகப் பயமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பயத்தால் பல ஆண்டுகளாகப் போகவில்லை. வலித்தால் மாத்திரை போட்டுக்கொள்கிறேன். சில நாளில் அடங்கிவிடுகிறது. இது போதாதா?

பதில்: போதாது. சொத்தை பல்லின் வெளி ஓடான எனாமலில் இருக்கும்வரை வலியே தெரியாது, அங்கே நரம்பு கிடையாது. அதற்கு அடியில் இருக்கும் டென்டினுக்குள் இறங்கினால் குளிர்ச்சியும் இனிப்பும் பட்டுக் கூசும். அப்போதே போனால் சுரண்டி அடைப்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். இன்னும் உள்ளே, நரம்பு இருக்கும் பற்கூழைத் தொட்டுவிட்டால் ராத்திரி படுத்ததும் விண்விண்ணென்று தெறிக்கும். அதன்பின் பற்கூழை எடுத்துச் சுத்தம் செய்து அடைக்கும் ரூட் கெனால் செய்ய வேண்டும், இல்லையேல் பல்லைப் பிடுங்க வேண்டும். பயந்து தள்ளிப்போட்ட சின்ன வேலை, பயப்படும்படியான பெரிய வேலையாகிவிடும்.

கடுமையாக வலித்த பல் திடீரென்று அடங்கினால் நிம்மதி அடையாதீர்கள். நரம்பு செத்திருக்கலாம், கிருமி வேர் நுனியில் சீழ் கட்டிக்கொண்டிருக்கும். முகம் வீங்கி, காய்ச்சலோடு வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: போன தடவை மரத்துப்போக ஊசி போட்டும் வலித்தது. மறுபடி எப்படி நம்புவது?

பதில்: உங்கள் வலி கற்பனை இல்லை. சீழும் வீக்கமும் உள்ள இடத்தில் திசு அமிலத்தன்மை அடைகிறது. அங்கே லிக்னோகெயின் போன்ற மரப்பு மருந்து நரம்புக்குள் சரியாக நுழையாது. வலி முற்றியபின் போகிறவர்களுக்கு ஊசி சரியாகப் பிடிக்காமல் போவது அதனால்தான். அந்த அனுபவம் அடுத்த தடவையும் தள்ளிப்போடச் சொல்லும். வலி இல்லாத நாளில் போவதே இதை உடைக்க வழி.

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் போடும் ஊசி வேலை செய்ய 3 முதல் 5 நிமிடமாவது ஆகும், சிலருக்கு இன்னும் கூடும். உதடு மரத்தாலும் பல் மரத்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் முன்பு நடந்ததை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். தொடங்கும் முன் ஐஸ் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். கூசினால் பல்லைச் சுற்றியுள்ள சவ்வில் கூடுதல் ஊசி போடலாம். இடது கையைத் தூக்கினால் உடனே நிறுத்த வேண்டும் என்றும் பேசிக்கொள்ளுங்கள். ஊசி போட்டதும் சில நிமிடம் நெஞ்சு படபடத்தால், பெரும்பாலும் மருந்தோடு கலந்த அட்ரினலின்தான் காரணம். இதய நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்வது அவசியம்.

கேள்வி: ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வருகிறது.

பதில்: வெறும் வயிற்றோடு போகாதீர்கள். நாற்காலியைச் சாய்க்கச் சொல்லுங்கள். கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 விநாடி இறுக்குங்கள். முகம் சூடாவது தெரிந்ததும் தளர்த்தி, அரை நிமிடம் விட்டு மறுபடி செய்யுங்கள். ஐந்து தடவை போதும். இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதை இது தடுக்கும். வீட்டிலேயே பழகிக்கொண்டு போவது நல்லது. மரப்பு ஜெல் தடவும்போது ஈறைத் துடைத்து உலர்த்தி, ஓரிரு நிமிடம் விட்டால்தான் பலன்.

கேள்வி: ஒழுங்காகத் துலக்கினால் டாக்டரே வேண்டாம்தானே?

பதில்: ஃப்ளோரைடு பேஸ்ட்டால் நாளுக்கு இரு தடவை, இரண்டு நிமிடம் துலக்குவது சொத்தையை நன்றாகவே குறைக்கும். ஆனால் ஈறோரம் கெட்டிப்பட்ட பற்காரை எந்த பிரஷ்ஷுக்கும் பெயராது, அதை டாக்டர்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: குழந்தைக்கு என் பயம் தொற்றாமல் இருக்க?

பதில்: "சேட்டை பண்ணினால் ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டவே கூடாது. "வலிக்கவே வலிக்காது" என்பதும் வேண்டாம். அந்தச் சொல்லே வலியை நினைக்க வைக்கும். முதல் பிறந்த நாளுக்குள், பிரச்சினை எதுவும் இல்லாதபோதே ஒரு தடவை காட்டிவிடுங்கள். உங்களுக்கு நாற்காலியைப் பார்த்தாலே கை நடுங்கும் என்றால், வீட்டில் பயமில்லாத வேறொருவர் அழைத்துப் போகட்டும்.