கணினி நேரம் பிந்துகிறதா? எவ்வளவு பிந்துகிறது என்று முதலில் பாருங்கள்

கேள்வி: வெள்ளவத்தையில் சிறிய போட்டோகொப்பி, டைப்செட்டிங் கடை வைத்திருக்கிறேன். கடைக் கணினியைக் காலையில் போட்டால் திகதி பல வருடங்கள் பின்னுக்குப் போய் நிற்கும். வங்கி இணையத்தளம் ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று சொல்லித் திறக்காது. ஓரிடத்தில் கொடுத்து பற்றரி மாற்றிய பிறகு திகதி சரியாகிவிட்டது. ஆனால் சில நாட்களில் காலை எட்டரைக்குக் கடை திறந்தால் கணினியில் மூன்று மணி காட்டுகிறது. நான் திருத்திவிட்டால் அன்று முழுக்கச் சரியாக இருக்கும். பற்றரி மாற்றியவர் மதர்போர்ட் பழுது என்கிறார். பின்னேரங்களில் மகன் படிப்புக்காக அதே கணினியில் லினக்ஸ் பாவிக்கிறான். மதர்போர்ட் மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம், அந்தக் காசை வைத்துக்கொள்ளுங்கள். எட்டரைக்கு மூன்று மணி என்றால் பிந்துவது சரியாக ஐந்தரை மணித்தியாலம். எல்லா நாடுகளும் தங்கள் நேரத்தைக் கணிக்க அடிப்படையாக வைத்திருக்கும் உலகப் பொது நேரத்துக்கு இலங்கை நேரம் முந்தியிருப்பதும் அதே ஐந்தரை மணித்தியாலம்தான். பழுதான மதர்போர்ட் இவ்வளவு கணக்காகப் பிழை விடாது. ஒரு நாள் பத்து நிமிடம், இன்னொரு நாள் இரண்டு மணித்தியாலம் என்று கண்டபடி பிழைக்கும்.

உங்கள் கணினியில் இருந்தவை இரண்டு வேறு பிழைகள். ஒன்று மதர்போர்ட்டில் இருக்கும் சின்னப் பற்றரி, அது தீர்ந்துவிட்டது. மற்றது ஒரே கணினியில் இருக்கும் இரண்டு இயங்குதளங்களான வின்டோஸுக்கும் லினக்ஸுக்கும் நடுவில் நடக்கிற இழுபறி. திகதியே வருடக்கணக்கில் பிழையாக இருந்தவரை இது கண்ணில் பட்டிருக்காது.

மதர்போர்ட்டில் ஒரு சிறிய கடிகாரம் இருக்கிறது. செக்கனுக்கு 32,768 தடவை அதிரும் ஒரு படிகத்தை வைத்து அது நேரத்தை எண்ணுகிறது. அதில் எழுதியிருப்பது திகதியும் மணியும் மட்டும்தான், எந்த ஊர் மணி என்ற குறிப்பு கிடையாது. அங்கே இருப்பது கொழும்பு நேரம் என்று வின்டோஸ் எடுத்துக்கொள்ளும். லினக்ஸோ அதை உலகப் பொது நேரம் என்று எடுத்து, தானே ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டிக் காட்டும். மகன் பின்னேரம் லினக்ஸைத் திறக்கிறார். அது இணையத்தில் சரியான நேரத்தை எடுத்து, உள்கடிகாரத்தில் பொது நேரத்தை எழுதிவிடுகிறது. மறுநாள் காலையில் நீங்கள் வின்டோஸைத் திறக்க, அந்தப் பொது நேரத்தை அது கொழும்பு நேரம் என்று வாசிக்கிறது. உங்கள் மூன்று மணி வந்த வழி இதுதான். மகன் கணினியைத் தொடாத நாளுக்கு அடுத்த காலை நேரம் சரியாக இருக்கிறதா என்று கவனித்துப் பாருங்கள். இருக்கும்.

இரண்டில் ஒன்றை மற்றதன் வழக்கத்துக்குக் கொண்டுவந்தால் போதும். உங்களுக்கு நான் சொல்வது லினக்ஸை மாற்றுவதைத்தான். மகன் லினக்ஸில் கட்டளை எழுதும் டெர்மினலைத் திறந்து, டைம்டேட்சிடிஎல் கட்டளையில் செட்-லோக்கல்-ஆர்டிசி என்ற தெரிவுக்கு 1 கொடுக்கட்டும் (timedatectl set-local-rtc 1). அப்படிச் செய்தால் லினக்ஸ் ஒரு எச்சரிக்கை காட்டும். கோடையில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னும் பின்னும் நகர்த்துகிற நாடுகளில் அதனால் குழப்பம் வரலாம். நம் நாட்டில் அந்த வழக்கம் இல்லை, பயப்பட வேண்டாம். வின்டோஸின் உள் அமைப்புகளைப் பதிந்து வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திருத்தியும் இதைச் செய்யலாம். ஆனால் கடை வேலை நடக்கிற வின்டோஸில் கை வைக்காமல் இருப்பது நல்லது. கட்டளையைக் கொடுத்த பிறகு வின்டோஸுக்கு வந்து, செட்டிங்ஸில் டேட் அண்ட் டைம் பகுதிக்குப் போய், சிங்க் நவ் பட்டனை ஒரு தடவை அழுத்துங்கள்.

பற்றரியைப் பற்றியும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உங்களுக்கு வந்த முதல் பிழை கொழும்பில் நிறையப் பேருக்கு வருகிறது. கணினி பிளக்கில் இருந்து, சுவரில் சுவிட்சும் போட்டிருந்தால், ஷட் டவுன் செய்த பிறகும் மதர்போர்ட்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். உள்கடிகாரம் அதிலேயே ஓடும். நாமோ இரவில் சுவரில் சுவிட்சை நிற்பாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறோம். அப்போது முழுப் பாரமும் அந்தச் சின்னப் பற்றரியில் விழுகிறது. ஆகவே மூடியைக் கழற்றாமலே ஒரு சோதனை செய்யலாம். இடி மின்னல் இல்லாத ஓர் இரவில் கணினியை ஷட் டவுன் செய்துவிட்டு, சுவர் சுவிட்சை மட்டும் போட்டபடி விடுங்கள். காலையில் நேரம் சரியாக இருந்து, சுவிட்சை நிற்பாட்டிய இரவுகளில் மட்டும் பிழைத்தால், பற்றரிதான் காரணம் என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம்.

வாங்க வேண்டியது சிஆர் 2032. முதல் இரண்டு இலக்கம் 20 மில்லிமீற்றர் விட்டத்தையும், கடைசி இரண்டு 3.2 மில்லிமீற்றர் தடிப்பையும் சொல்கின்றன. 2025 என்று எழுதியதைத் தந்தால் வாங்காதீர்கள். விட்டம் ஒன்றுதான், ஆனால் தடிப்புக் குறைவு என்பதால் தொடுகை சரியாக இருக்காது. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கணினிக் கடைகள் நிறைய இருக்கின்றன, அங்கே மீற்றர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். புதிய பற்றரி 3 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ காட்ட வேண்டும். பழையதில் 2.7க்குக் கீழே வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது. பற்றரியைப் பிடித்திருக்கும் உலோகத் தகட்டையும் பாருங்கள். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் உள்ள கடைகளில் உப்புக் காற்று பட்டு, அந்தத் தகட்டில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். அதைச் சுரண்டிச் சுத்தப்படுத்தாமல் புதுப் பற்றரி போட்டும் பலனில்லை.

இன்னொரு முறை மாற்ற நேர்ந்தால், வயரைக் கழற்றுவதற்கு முன்னால் உங்கள் வின்டோஸில், வட்டில் உள்ளதைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போட்டிருந்தால் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும். பற்றரி எடுத்ததும், கணினியைத் தொடக்கிவைக்கும் பயோஸின் அமைப்புகள் தொழிற்சாலையில் வைத்த நிலைக்குத் திரும்புவதால், சில கணினிகள் அந்தச் சாவியைக் கேட்கும். சாவி இல்லாவிட்டால் உள்ளே இருப்பதை எடுக்க முடியாமல் போகும். கழற்றிய பழைய பற்றரியை மேசையில் போட்டு வைக்க வேண்டாம். சிறு பிள்ளை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்கிவிடக்கூடிய பொருள் அது. அப்படி நடந்ததாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ கிட்ட உள்ள பெரிய வைத்தியசாலைக்கோ உடனே ஓடுங்கள்.

வங்கித் தளம் திறக்காததற்கும் திகதிதான் காரணம். ஒவ்வொரு பாதுகாப்பான தளத்தின் சான்றிதழுக்கும் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. கணினி பழைய வருடத்தில் நின்றால், அந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என்று அது நினைக்கும். அந்த எச்சரிக்கையைத் தாண்டி உள்ளே போகாதீர்கள், வங்கி விஷயத்தில் ஒருபோதும் வேண்டாம். திகதியைத் திருத்துங்கள், தளம் தானாகத் திறக்கும். இன்டர்நெட் இருக்கிறதே, நேரம் தன்பாட்டில் சரிவரும் என்றும் காத்திருக்கக் கூடாது. வீட்டிலும் சிறு கடைகளிலும் இருக்கிற வின்டோஸ், வழக்கமான அமைப்பில், 15 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வித்தியாசத்தைத் திருத்த மறுத்துவிடும். திகதியையும் நேரத்தையும் முதலில் கையால் கிட்டத்தட்டச் சரியாக வைத்துவிட்டு, அப்புறம் சிங்க் நவ் கொடுங்கள்.

உங்களுக்கு இல்லாவிட்டாலும், பக்கத்துக் கடைகளில் சரியாக அரை மணித்தியாலம் முந்தி ஓடும் பழைய பில் கணினிகளைப் பார்த்திருப்பீர்கள். 1996 மே மாதம் நம் கடிகாரங்களை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தார்கள். 2006 ஏப்ரல் 15ஆம் திகதிதான் பழைய ஐந்தரைக்குத் திரும்பினோம். இடையில் வந்த வின்டோஸ் எக்ஸ்பி, புதுப்பிக்காத கணினிகளில், இலங்கை நேர வலயத்துக்கு அது வைத்த பெயரான ஸ்ரீ ஜயவர்தனபுரவை இன்னும் ஆறு மணித்தியாலத்திலேயே வைத்திருக்கிறது. அங்கே நிமிட முள்ளைத் திருத்தி மினக்கெட வேண்டாம். நேர வலயப் பட்டியலில் சென்னை, கொல்கத்தா என்று இருப்பதைத் தெரிவு செய்தால் சரி. புதிய வின்டோஸில் ஸ்ரீ ஜயவர்தனபுரவே ஐந்தரையில் இருக்கிறது.

சில வாரங்களில் இரண்டு மூன்று நிமிடம் விலகுவது சாதாரணம். உள்ளே இருக்கும் படிகம் மலிவானது, சூட்டுக்கும் கொஞ்சம் மாறும். லினக்ஸைத் திருத்தி, நல்ல பற்றரியும் இருந்து, இணையத்தோடு ஒத்திசைத்த பிறகும் ஒரே நாளில் பல நிமிடம் விலகினால் மட்டும் மதர்போர்ட்டைச் சந்தேகியுங்கள். அப்போதும் முதலில் மகனை இரண்டு நாள் லினக்ஸைத் திறக்காமல் இருக்கச் சொல்லிப் பார்த்துவிட்டே திருத்தக் கொடுங்கள்.