எலிக்குக் கேட்ட கீழாநெல்லி

அன்புள்ள ஐயா,

என் அக்கா மகள் தஞ்சாவூரில் உயிர்வேதியியல் முதுகலை படிக்கிறாள். அவளுடைய ஆய்வு கீழாநெல்லி பற்றியது. எலிகளின் கல்லீரலைக் கெடுத்து, இலைச்சத்து கொடுத்துப் பார்த்ததில் நல்ல பலனாம். என் அண்ணனுக்கு மூன்று வாரமாக மஞ்சள் காமாலை, உடம்பெல்லாம் அரிப்பு. டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். வீட்டிலோ, ‘எலிக்கே கேட்டிருக்கு, ஸ்கேன் எதுக்கு?’ என்று கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுக்கிறார்கள். அக்கா மகள் மட்டும் தயங்குகிறாள். நீங்கள் நாட்டு மருந்தை மதிப்பவர். என்ன சொல்கிறீர்கள்?

எம்., பாபநாசம்

அன்புள்ள எம்.,

முதலில் ஸ்கேன் எடுங்கள். மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

காமாலை மூன்று வாரமாகியும் இறங்காமல் அரிப்பும் சேர்ந்தால், பித்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். கல்லாக இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். மலம் வெளுத்துப் போகிறதா என்று அண்ணனைக் கேளுங்கள். அந்த அடைப்பை இலை திறக்காது. கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். நம் பக்கம் கீழாநெல்லி வாங்கியிருக்கும் நல்ல பெயரில் ஒரு பங்கு அப்படி வந்ததுதான்.

இனி எலி. வரப்பில் பறித்த செடியை நிழலில் உலர்த்திப் பொடித்து, எத்தனாலில் சத்தை இறக்குவார்கள். கடைசியில் மிஞ்சுவது கரும்பச்சையாக, விரலில் பிசுபிசுக்கும் ஒரு பசை. (களைக்கொல்லி அடித்த வரப்பாக இருந்தால் அதையும் சேர்த்தே இறக்குகிறோமோ என்று யாராவது பார்க்க வேண்டும்.) எலிகளை ஆறாறாகப் பிரிப்பார்கள். ஒரு கூட்டத்துக்கு ஒன்றும் கிடையாது, ஒன்றுக்கு விஷம் மட்டும், ஒன்றுக்கு விஷத்தோடு சிலிமரின் (ஒப்பிட்டுப் பார்க்க வழக்கமாகக் கொடுக்கும் கல்லீரல் மருந்து), மற்றவற்றுக்கு விஷத்தோடு இலைச்சத்து. உடல் எடையில் கிலோவுக்கு 200, 400 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு.

விஷம் பெரும்பாலும் கார்பன் டெட்ராகுளோரைடு. கல்லீரல் அதை உடைக்கும்போது பிறக்கும் ஃப்ரீ ராடிக்கல் என்ற மூர்க்கமான துணுக்கு செல்லின் சவ்வைப் பொசுக்குகிறது. செல் சிதைந்தால் வெளியே கசியும் என்சைம்களான எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி ரத்தத்தில் எகிறுகின்றன. இலையிலுள்ள ஆன்டிஆக்சிடன்ட் அந்த ராடிக்கலை மடக்கினால் எண்கள் இறங்கும். அப்படி மடக்கக்கூடிய இலைகள் நம் கொல்லையிலேயே ஏராளம். இந்தச் சோதனையில் தோற்ற இலையைப் பற்றி நாம் அபூர்வமாகவே கேள்விப்படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அக்கா மகளிடம் ஒன்று கேளுங்கள்: சத்தை எந்த நாளில் கொடுக்கத் தொடங்கினார்கள்? இத்தகைய ஆய்வுகள் பலவற்றில் விஷம் கொடுப்பதற்குச் சில நாள் முன்பே தொடங்கிவிடுவார்கள். உங்கள் அண்ணனோ கண் மஞ்சளித்த பிறகுதான் மோரைக் கையில் எடுத்தார். அவருடைய கல்லீரலை யாரும் கார்பன் டெட்ராகுளோரைடு ஊற்றிக் கெடுக்கவும் இல்லை.

அளவையும் பாருங்கள். எலிக்கான அளவை மனிதனுக்கு மாற்ற 6.2ஆல் வகுப்பது வழக்கம். 400 மில்லிகிராம் என்றால் 60 கிலோ ஆளுக்கு ஏறத்தாழ 4 கிராம் சத்து. காய்ந்த செடியில் பத்தில் ஒரு பங்கு சத்தாக இறங்கும் என்று வைத்துக்கொண்டால், தினம் 40 கிராம் காய்ந்த செடி வேண்டும். வீட்டில் அரைப்பது கொட்டைப்பாக்களவு.

கீழாநெல்லியை மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1988இல் சென்னையில் தியாகராஜன் குழுவினர் ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமந்தவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்து, லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். செடி சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. வெற்று மருந்து சாப்பிட்டவர்களில் 4 சதவீதம் பேருக்கு மட்டுமே. உலகம் திரும்பிப் பார்த்தது. பிறகு வேறு இடங்களில் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. மனிதர்களிடம் பார்த்த முடிவே இப்படி ஆட்டம் காண்கிறது. எலியை நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடுவது எனக்குச் சம்மதமில்லை.

உங்கள் வீட்டில் சரியாக யோசிப்பவள் அந்தப் பெண்தான். ஆஸ்பத்திரிக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். இத்தனை நாள் குடித்த மருந்தையும், பத்தியம் என்று உப்பை நிறுத்தியிருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். அண்ணன் சொல்லமாட்டார், அவள் சொல்வாள்.