பழைய காரில் எப்போதாவது மட்டும் வரும் கீச்சுச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதினைந்து வருடத்துக்கு மேல் ஓடிய பெட்ரோல் கார். சில நாள் காலையில் கிளப்பியதும் கீச்சென்று கத்துகிறது, சில நாள் ஒன்றுமில்லை. ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் சத்தமே வருவதில்லை. இன்ஜின் பெல்ட் மாற்றியும் தீரவில்லை. நீங்கள் எழுதியிருப்பது இதுதான். போன வருடம் ஏறக்குறைய மூன்று மாதம் நானும் இதே தொல்லையில் கிடந்தேன், அதனால்தான் விரிவாகவே எழுதுகிறேன்.

இன்னொரு பாகத்துக்குக் காசு கொடுக்கும் முன் ஒரு நோட்டு எடுங்கள். சத்தம் வந்த நாள், நேரம், அதற்கு முந்தைய நாள் வண்டி எவ்வளவு தூரம் ஓடியது, எத்தனை நிமிடம் கத்தியது, ஏசி, ஹெட்லைட் போட்டிருந்தீர்களா, எல்லாவற்றையும் குறியுங்கள். சத்தம் வராத நாளையும் விடாமல் எழுத வேண்டும். எனக்கு வழி காட்டியதே அந்த வராத நாட்கள்தான்.

என் வண்டி 2005 மாடல். வீடு காவேரிப்பட்டணத்தில், வேலை தருமபுரியில். தினமும் நெடுஞ்சாலை 44-இல் போய் வருகிறேன். மார்கழியில் ஒருநாள் காலை ஆறு மணிக்குச் சாவியைத் திருப்பியதும், கத்தியைச் சாணை பிடிக்கிற மாதிரி ஒரு கிறீச்சல். எதிர்வீட்டு அக்கா கோலப்பொடி டப்பாவோடு நிமிர்ந்து பார்த்தார். முக்கால் நிமிடம் கத்திவிட்டுத் தானாக நின்றது. மறுநாள் இல்லை. மூன்றாம் நாள் திரும்ப வந்தது.

தென்பெண்ணைக் கரையில் அந்த மாதத்தில் பனி நன்றாக இறங்கும். "பனிக்கு பெல்ட் ஈரமாயிருக்கும், வெயில் வந்தா சரியாயிடும்" என்று கேட்ட எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். பிறகு ஒரு பட்டறையில் ஃபேன் பெல்ட்டை மாற்றினார்கள். பத்து நாள் அமைதி, மறுபடி கிறீச். இன்னொரு இடத்தில் பெல்ட் லூஸ் என்று நன்றாக இழுத்து டைட் வைத்தார்கள். மூன்று வாரம் சத்தமில்லை. அப்புறம் கீச்சோடு சேர்ந்து அடியில் 'கர்ர்' என்று இன்னொரு சத்தமும் வந்தது. பெல்ட்டில் சோப்புத் தேய்க்கச் சொன்னார் ஒரு நண்பர். தேய்த்தேன், இரண்டு நாள் தாங்கியது. தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள். சோப்பு, மெழுகு, கிரீஸ் எது தடவினாலும் சத்தம் கொஞ்ச நாள் அடங்கும், காரணம் உள்ளேயே இருக்கும், பெல்ட்டும் வழுக்க ஆரம்பிக்கும்.

அதன் பிறகுதான் வீட்டில் பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் குறிக்கத் தொடங்கினேன். மூன்று வாரம் எழுதியதும் ஒன்று தெரிந்தது. திங்கட்கிழமை காலையில் சத்தம் வந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் வண்டி எடுப்பதில்லை, என் மனைவி பக்கத்துக் கோயிலுக்கு எடுத்தால்தான் உண்டு. சனிக்கிழமை சேலம் போய் வந்திருந்தால் ஞாயிறு காலை அவர் எடுக்கும்போது உறுதியாகக் கத்தியிருக்கிறது. பனியோ எல்லா நாளும்தான் இறங்கியது. பனிதான் காரணம் என்றால் திங்கட்கிழமையும் கத்தியிருக்க வேண்டும். நெடுந்தூரம் ஓடி நன்றாகச் சூடேறிய இன்ஜின், இரவில் ஆறி, மறுநாள் காலை கத்துகிறது. அந்த நோட்டு சொன்னது இதுதான்.

அந்த நோட்டோடு வேறொரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். நோட்டைப் பார்த்தவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை.

"தம்பி, நீ ஓட்டிக்கிட்டு வர்றப்பவே இன்ஜின் சூடாயிடுது, பெல்ட்டும் காஞ்சிடுது. அப்புறம் எப்படி எங்கிட்ட கத்தும்? நாளைக்கு வேலை முடிச்சிட்டு வந்து வண்டிய இங்கயே உட்டுட்டுப் போ. காலைல நானே ஸ்டார்ட் பண்றேன்."

நீங்கள் செய்ய வேண்டியதும் இதுதான். காலையில் மட்டும் வரும் சத்தத்தைக் காலையில் மட்டும்தான் பிடிக்க முடியும். முந்தின நாள் சாயந்திரம் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுங்கள், சாவியையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மறுநாள் ஆறரை மணிக்கு நானும் போய்விட்டேன். அவர் இன்ஜினைக் கிளப்பாமலே டார்ச் அடித்துப் பார்த்தார். என் வண்டியில், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் இன்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப்பையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது. பம்ப்பின் அடிப்பக்கம் சின்ன ஓட்டை ஒன்று இருக்கிறது. உள்ளே தண்ணீரை அடைத்து நிறுத்தும் சீல் தேய்ந்தால், தண்ணீர் பம்ப்பின் தண்டு சுழலத் தாங்கும் பேரிங்குக்குள் போகாமல் வெளியே வழியட்டும் என்பதற்காகவே வைத்த ஓட்டை அது. அதைச் சுற்றிப் பச்சை கலந்த வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது, உப்புத் தண்ணீர் காய்ந்த குடத்தின் அடிப்பக்கம் மாதிரி. விரலை விட்டு எடுத்து என்னிடம் நீட்டினார். ஈரம், லேசான தித்திப்பு வாடை. பெல்ட்டின் உள்பக்கத்தைத் தொட்டால் அங்கும் பிசுபிசுப்பு.

பிறகு கிளப்பினார். கத்தியது. உடனே அணைத்தார். பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில வினாடி மட்டும் இன்ஜினை ஓடவிட்டார், சத்தமே இல்லை. அதோடு சத்தம் இன்ஜினுக்குள் இல்லை என்பது உறுதியானது. பெல்ட் இல்லாமல் நீண்ட நேரம் ஓட்டக் கூடாது, தண்ணீர் சுற்றாது. அடுத்து ஆல்டர்னேட்டரின் புல்லியை, அதாவது பெல்ட் ஓடும் சக்கரத்தை, கையால் சுற்றினார், வெண்ணெய் மாதிரி சுற்றியது. பம்ப் புல்லியை என்னைச் சுற்றச் சொன்னார். மணல் அரைபடுவது விரலுக்கே தெரிந்தது. புல்லியை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டினால் கடகடவென்று ஆட்டம்.

"சத்தம் போடறது பெல்ட்டுதான். ஆனா தப்பு பெல்ட்டு மேல இல்ல" என்றார்.

நடந்தது இது. ஓடும்போது சூட்டில் கசிகிற துளி அங்கேயே ஆவியாகிவிடும். நிறுத்தி ஆறும்போது உலோகம் சுருங்க, தேய்ந்த சீல் வழியாக ராத்திரி சொட்டுச் சொட்டாக இறங்கி நின்றுகொண்டிருக்கும் பெல்ட்டில் படும். காலையில் கிளப்பும் நேரம்தான் பேட்டரி சார்ஜ் ஏறும் நேரம், ஆல்டர்னேட்டருக்குச் சுமை அதிகம். ஈரப் பெல்ட் அந்தச் சுமையில் வழுக்கிக் கத்துகிறது, காய்ந்ததும் நிற்கிறது. வண்டி அதிகம் ஓடாத நாளில் புதிதாகக் கசிவு இல்லை, பழைய ஈரமும் காய்ந்துவிடுகிறது, அதனால் திங்கட்கிழமை அமைதி. புது பெல்ட்டும் அதே தண்ணீரில் நனைந்தது. அளவுக்கு மீறி டைட் வைத்தது ஏற்கெனவே நொந்த பம்ப் பேரிங்கை இன்னும் இழுத்து, அந்தக் 'கர்ர்' சத்தத்தைக் கொண்டுவந்தது.

சீல் ஏன் தேய்ந்தது என்று கேட்டேன். "என்ன தண்ணி ஊத்தற?" என்று திருப்பிக் கேட்டார். வீட்டு போர் தண்ணீர்தான். இதைப் படிக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். பல்லில் கறை படியவைக்கும் ஃபுளோரைடு இருப்பதால்தான் இரண்டு மாவட்டத்துக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ரேடியேட்டரைக் கெடுப்பது அந்த ஃபுளோரைடு இல்லை. அதே தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பும் உப்பும்தான். சோற்றுப் பானையில் படிகிற அதே வெள்ளைப் படிவம் இன்ஜினுக்குள்ளும் படிந்து, பொடிந்து, சீலின் முகத்தில் அரைக்கும். வெறும் தண்ணீரில் துருவைத் தடுக்கும் மருந்தும் கிடையாது. டேங்கில் அளவு குறைந்தபோதெல்லாம் சொம்பில் மொண்டு ஊற்றினேனே தவிர, ஏன் குறைகிறது என்று நான் ஒருமுறையும் யோசிக்கவில்லை. மூடிய அமைப்பில் தண்ணீர் மாதாமாதம் குறைந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம்.

பம்ப், பெல்ட் இரண்டையும் மாற்றி, பழைய தண்ணீர் முழுவதையும் இறக்கிக் கழுவி, துருவையும் தடுக்கும் குளிர்விப்புத் திரவமான கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்து ஊற்றினார். அதற்கு அப்புறம் ஒரு மழைக்காலமும் ஒரு மார்கழியும் போய்விட்டன. சத்தம் இல்லை, அளவும் குறையவில்லை.

உங்கள் வண்டியில் காரணம் வேறாகவும் இருக்கலாம், ஆகவே பிரித்துப் பார்க்கும் வழியைச் சொல்கிறேன். வண்டி நின்ற இடத்திலேயே நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் சத்தம் வருகிறதா? வந்தால் இன்ஜின் பக்கம். ஓடினால் மட்டும்தான் வருகிறது, வேகத்துக்கு ஏற்ப மாறுகிறது என்றால் சக்கரத்தின் பக்கம். இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும்.

இன்ஜின் பக்கம் என்றால், கத்தும் நேரத்தில் ஹெட்லைட், ஏசி, பின்கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போடுங்கள். சுமை ஏற ஏறச் சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது. பவர் ஸ்டீயரிங் பெல்ட்டில் ஓடும் வண்டியென்றால் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பாருங்கள், அப்போது வீறிட்டால் அந்த பெல்ட். பிறகு தண்ணீர்ச் சோதனை. ஓடும் பெல்ட்டின் உள்பக்கத்தில் சின்ன ஸ்பிரே பாட்டிலால் கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள். சத்தம் அதிகமானால் பெல்ட் லூஸ் அல்லது தேய்ந்துவிட்டது. சட்டென்று அடங்கிச் சில வினாடியில் திரும்பி வந்தால் புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை. எதுவுமே மாறவில்லை என்றால் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். இதைச் செய்யும்போது வேட்டி நுனி, துப்பட்டா, தலைமுடி எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று தானாகச் சுற்றும், இன்ஜின் அணைந்த பிறகும் சில வண்டிகளில் சுற்றும்.

ஒற்றை V வடிவப் பெல்ட் உள்ள பழைய வண்டி என்றால் புல்லியின் பள்ளத்தையும் பாருங்கள், இதைப் பலர் பார்ப்பதில்லை. பெல்ட் பள்ளத்தின் இரண்டு பக்கச் சுவரையும்தான் பிடித்து ஓட வேண்டும், அடியில் படக் கூடாது. பள்ளத்தின் அடிப்பகுதி கண்ணாடி போலப் பளபளத்தால் பெல்ட்டோ புல்லியோ தேய்ந்து பெல்ட் உள்ளே இறங்கிவிட்டது. அப்புறம் எவ்வளவு டைட் வைத்தாலும் வழுக்கும்.

கிளட்சை மிதிக்கும்போது வந்து, காலை எடுத்ததும் நிற்கும் சத்தம் கிளட்ச் ரிலீஸ் பேரிங்குடையது.

சக்கரத்தின் பக்கம் என்றால் முதலில் பிரேக். பல வண்டிகளில், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கை அழுத்திப் பிடிக்கும் பேடில் ஒரு மெல்லிய தகடு இருக்கும். பேடு இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் அது டிஸ்கில் உரசிக் கீச்சிடும். ஓடும்போது கத்தி, பிரேக் மிதித்ததும் நின்றுவிடும் சத்தம் பெரும்பாலும் இதுதான். அதுவும் விட்டு விட்டுத்தான் வரும், அதனால் பலர் தள்ளிப்போடுகிறார்கள். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் தொப்பூர் கணவாயைத் தெரிந்தவர்களுக்கு, தேய்ந்த பேடோடு அங்கே இறங்குவது என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சந்தேகம் இருந்தால் நோட்டெல்லாம் எழுதிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கிரானைட் லாரி ஓடும் சாலைகளில் சின்னக் கல் ஒன்று டிஸ்குக்கும் பின்தகட்டுக்கும் நடுவே மாட்டியும் பயங்கரமாகக் கீச்சிடும். மெதுவாகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் விழுந்துவிடும். வீல் பேரிங் கீச்சிடுவதைவிட உறுமத்தான் செய்யும், வளைவில் ஒரு பக்கம் சாயும்போது கூடும்.

பெல்ட் கீச்சுதானே என்று ஓட்டிக்கொண்டே இருந்துவிடாதீர்கள். என் வண்டி மாதிரி பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடினால், அது அறுந்த நிமிடம் சார்ஜும் போகும், தண்ணீர் ஓட்டமும் நிற்கும். சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் அப்படி ஆனால் சில நிமிடத்தில் சூடு முள் சிவப்பில் நிற்கும். பேட்டரி விளக்கு எரிந்து சூடு முள்ளும் ஏறினால் உடனே ஓரம்கட்டி அணைத்துவிடுங்கள், ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது.

நீங்கள் பெல்ட் மாற்றியும் தீரவில்லை என்று எழுதியிருப்பதால் எனக்குக் கசிவின் மேல்தான் முதல் சந்தேகம். நாளைக் காலை கிளப்பும் முன்பே, இன்ஜின் ஆறியிருக்கும்போதே, டார்ச் அடித்து பம்ப்புக்குக் கீழேயும் பெல்ட்டின் உள்பக்கத்தையும் பாருங்கள். எண்ணெய்க் கசிவு பெல்ட்டில் பட்டாலும் இதே மாதிரி கத்தும், அதையும் சேர்த்துப் பாருங்கள். கூலன்ட் டேங்கில் இன்றைய அளவுக்கு ஒரு பேனாக் கோடு போட்டு, பக்கத்தில் தேதியும் எழுதிவிடுங்கள். பத்து நாள் கழித்து அந்தக் கோட்டுக்குக் கீழே எவ்வளவு இறங்கியது என்று இங்கே சொன்னால் மேற்கொண்டு பார்க்கலாம்.